டாக்டர் எழுதிய மாதிரித் தேர்வு

பணி ஓய்வுக்குப் பிறகு வீடு வீடாகப் போய் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வருடங்களில் பிள்ளைகளால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. படிக்காத பிள்ளைகூட மரியாதையாகத்தான் படிக்காமல் இருந்தது. தொந்தரவு முழுக்கப் பெற்றோரால் வந்தது. அவர்களிலும் டாக்டராக இருந்த பெற்றோர் தனி ரகம். எப்போதோ தாங்கள் நுழைந்துவந்த வாசலைத் தாங்களே கட்டியது போலப் பேசுவார்கள்.

மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் என் காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். ஒரு பருவம்கூட அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு விடை எப்படி வருகிறது என்று நான் பலகையில் போட ஆரம்பித்தால் நிர்வாகி கதவருகே வந்து நின்றுவிடுவார். "அதெல்லாம் எதுக்கு மிஸ்? நாலு ஆப்ஷன்ல ரெண்ட எப்படி அடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்பார். நீட் தேர்வுக்கு அது ஓரளவு போதும் என்பது உண்மைதான். அது போதும் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதனால் விளாங்குடியில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்வரக்கூடிய தூரத்தில், கேட்டவர்களுக்கு மட்டும் வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் அந்த எலும்பு டாக்டர் வீட்டுக்குப் போனேன். நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்தைத் தாண்டி, மலையைப் பார்த்த வீடு. ஊருக்குள் அவருக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருந்தது. வரவேற்பறைச் சுவரெல்லாம் அவர் யார் யாரிடமோ கேடயம் வாங்கும் படங்கள். ஒரே ஒரு படத்தில் அவர் வேறொருவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலும் கேடயத்தை அவர்தான் இறுக்கிப் பிடித்திருந்தார்.

முதல் நாள் எனக்கு நேர்முகத் தேர்வு நடந்தது.

"டீச்சர், எம்புட்டு வருசம் சர்வீஸ்?"

சொன்னேன்.

"அதுல எத்தன டாக்டர் வந்திருக்காங்க?"

"அத நான் எண்ணல சார். பிசிக்ஸ் படிச்சவங்க கொஞ்சப் பேர் வந்திருக்காங்க."

அவருக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. அவர் மனைவிக்குப் பிடிபட்டது. ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உதட்டை மடித்துக்கொண்டு காபி எடுத்துவர எழுந்து போனார்.

அவர்களுடைய ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மெதுவான பெண், மந்தமான பெண் அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வீட்டில் அவள் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது, அவள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கணக்கு என்று ஒன்றைக் கொடுத்தால் முதலில் படம் போடுவாள். சாய்தளம் என்றால் சாய்தளம், கப்பி என்றால் கப்பி, கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அம்புக்குறி. அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பிப்பாள். அந்தப் படம் இருந்தால் விடை தப்பாது. அவளுடைய பள்ளியிலோ ஆய்வகத்தைப் பூட்டி, அந்த அறையையும் தேர்வு எழுதும் அறையாக மாற்றியிருந்தார்கள். ஊசலை நேரில் பார்க்காமலேயே ஊசலின் அலைவுநேரத்தை மனப்பாடம் செய்து வந்தவர்கள் அங்கே பத்துப் பிரிவு இருந்தார்கள். அவள் படம் போடுவதைக் கண்ட ஆசிரியர் ஒருவர் "நீ என்ன டிராயிங் மாஸ்டரா?" என்று வகுப்பில் கேட்டாராம். கேட்டவர் இயற்பியல் ஆசிரியர்.

சாப்பாட்டு மேசையில்தான் எங்கள் வகுப்பு. டாக்டருக்கு ஓய்வான மாலைகளில் அவரும் செய்தித்தாளோடு மேசையின் மறுமுனையில் வந்து உட்கார்ந்துவிடுவார். படிப்பது போலிருக்கும், தாள் மட்டும் திரும்பாது. ஒரு நாள் மேலே எறியப்பட்ட பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உச்சிக்குப் போன கணத்தில் பந்தின் முடுக்கம் என்ன என்று கேட்டேன். அவள் பென்சிலை எடுத்துப் பந்தை வரைய ஆரம்பித்தாள்.

"இதுக்கு எதுக்குப் படம்? ஜீரோ" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

"என்ன டீச்சர், மேல போயி நின்னுருச்சுல்ல? நின்ன பொருளுக்கு என்ன ஆக்சலரேஷன்?"

"முடுக்கமும் இல்லேன்னா அது அங்கயே நின்னுக்கிட்டிருக்கணுமே சார். கீழ விழுதுல்ல?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சத்தமில்லாத சிரிப்புதான், தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் செய்தித்தாளை மடித்தார். "நாங்க படிக்கும்போது இப்படி இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புவியீர்ப்பு இடையில் மாறிவிட்டது போல.

அதற்குப் பிறகு அவருக்கு என்மேல் ஒரு கண். நான் நடத்தும் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இம்புட்டு நேரம் ஒரே கணக்கா? அங்க ஒரு கேள்விக்கு ஒரு நிமிசம்தான்" என்பார். உண்மைதான். ஆனால் இவர் வீட்டில் இருக்கும் மாலைகளில் அவளுக்கு ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பென்சிலை எடுப்பாள், அப்பாவைப் பார்ப்பாள், படம் போடாமல் எழுதுவாள், தப்பாக வரும், அடிப்பாள். அவர் வெளியூர் போயிருந்த வாரத்தில் அதே பெண் கடகடவென்று போட்டுக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதிவந்தாள். தேர்வு முடிந்த சில மணி நேரத்தில் அப்பாவின் ஃபோனுக்கு மதிப்பெண் வந்துவிடும். எல்லாப் பிள்ளைகளின் வரிசையும் சேர்ந்து வரும். ஒரு தடவை இயற்பியலில் மிகவும் இறங்கிவிட்டாள். அடுத்த நாள் மாலை நான் போனபோது மேசையில் மூவரும் இருந்தார்கள். டாக்டர் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்க ஸ்டூடன்ட் மார்க்கப் பாத்தீங்களா? எங்க காலத்துலயும் என்ட்ரன்ஸ் இருந்துச்சு. நாங்க என்ன டியூசனா வச்சோம்?"

"நீங்க டியூசன் போனீங்கங்க" என்றார் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. "எங்க அண்ணனும் நீங்களும் ஒண்ணாத்தான போனீங்க."

"அது சும்மா டவுட் கேக்கப் போனது." அவர் மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, இப்ப நான் ஒக்காந்தாக்கூட ஒரு வரி படிக்காம எழுதிருவேன். தெரியுமா?"

மகள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்களேன்" என்றார் மனைவி.

கத்தி நிற்கவில்லை, வெண்டைக்காய் துண்டு துண்டாக விழுந்துகொண்டே இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "நான் பேப்பர் கொண்டுட்டு வாரேன் சார்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்டர் தேர்வுக்கு அவளை அனுப்பவில்லை. நான் தேவாலயம் போய்விட்டு, வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரே வினாத்தாளில் இரண்டு பிரதியும் விடைத்தாள்களும் எடுத்துக்கொண்டு போனேன். நிஜத் தேர்வு போலவே மதியம் இரண்டு மணிக்குத் தொடக்கம். ஃபோன்களை அந்த அம்மாள் வாங்கிப் பூஜை அறையில் வைத்தார். டாக்டர் மட்டன் குழம்பும் சோறும் முழுதாகச் சாப்பிட்டிருந்தார். புதிதாக இஸ்திரி போட்ட சட்டை. பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு, "ரெடியா பாப்பா? அப்பாவ ஜெயிக்கணும்" என்றார். அவள் தலையாட்டினாள். மேசையின் ஒரு மூலையில், பக்கத்துப் பக்கத்து விளிம்புகளில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

முதல் அரை மணி நேரம் அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். உயிரியலில் ஆரம்பித்தார். மனித உடல் முடியும்வரை தலையாட்டிக்கொண்டே வட்டங்களைக் கருப்பாக்கினார். பிறகு செடிகொடிகள் வந்தன. "ஒரு டாக்டருக்கு எதுக்குங்க இந்தப் பூவோட குறுக்குவெட்டு?" என்றார். பரீட்சை நடக்கும்போது பேசக்கூடாது என்றேன். பள்ளிக்கூடத்தில் சொன்ன அதே குரலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேதியியலுக்குப் போனார். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். மட்டன் வேலை செய்ய ஆரம்பித்தது. கண் சொருகிற்று. காபி கேட்டார், வந்தது. தண்ணீர் கேட்டார், வந்தது. கடைசியில் இயற்பியலுக்கு வந்துசேர்ந்தார்.

பிள்ளைகள் வழக்கமாக வினாத்தாளிலேயே விடையைச் சுழித்துவிட்டு, ஒரு பக்கம் முடிந்ததும் மொத்தமாக விடைத்தாளுக்கு மாற்றுவார்கள். அப்போது இயற்பியலில் இருந்த அவளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். நான் மேசையைச் சுற்றி நடந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றேன். ஓரத்தில் சின்னதாகச் சாய்தளம் போட்டிருந்தாள். சரியான படம், சரியான வழி, சரியான விடை. ஆனால் சுழித்திருந்தது வேறு விடையை. அடுத்த கேள்வியைப் பார்த்தேன். அதிலும் அப்படியே. பதற்றத்தில் மாற்றிச் சுழிக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிடலாமா என்று குனிந்தபோது அவளுடைய விடைத்தாள் கண்ணில் பட்டது. முழங்கைக்கு அடியில், பாதி மறைத்தபடி வைத்திருந்தாள். அதில் கருப்பாக்கியிருந்தவை எல்லாம் சரியாக இருந்தன.

அப்போதுதான் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தேன். வயதாகிவிட்டதால் கிட்டப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். எட்ட இருப்பது தெளிவாகத் தெரியும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாக மகளுடைய வினாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பார், தன் தாளில் ஒரு வட்டத்தை நிரப்புவார், யோசிப்பது போல மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார், மறுபடி பார்ப்பார். என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதைவிட நேர்த்தியாகக் காப்பியடிப்பார்கள்.

அந்தப் பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் இல்லை. வினாத்தாளை இரண்டு விரலால் தள்ளி, அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வசதியாக வைத்தாள்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். வெளியே நாகமலை வெயிலில் நீட்டிப் படுத்துக்கிடந்தது. வாழ்க்கையில் நான் எத்தனையோ பரீட்சைக்கு மேற்பார்வை பார்த்திருக்கிறேன். காப்பியடித்த ஒருவரையும் விட்டதில்லை. அன்றுதான் முதல் தடவையாக, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு சுகம் என்று தெரிந்தது.

நேரம் முடிந்ததும் அங்கேயே திருத்தினேன். அம்மாள் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒவ்வொரு பாடமாகச் சொன்னேன். மகள் உயிரியலில் நன்றாகவும் வேதியியலில் சுமாராகவும் செய்திருந்தாள். இயற்பியலில் அதுவரை அவள் வாங்காத உயர்ந்த மதிப்பெண். டாக்டருக்கு மனித உடல் ஓரளவு கைகொடுத்திருந்தது. தாவரம் கைவிட்டிருந்தது. வேதியியலைச் சொல்லாமல் இருப்பது நாகரிகம்.

"பிசிக்ஸ்?" என்றார்.

"மைனஸ்ல வருது சார்."

"மைனஸா?"

"தப்பான விடைக்கு ஒவ்வொரு மார்க் கழிப்பாங்கல்ல? கழிச்சா ஜீரோவுக்குக் கீழ போகுது."

"அது எப்படிப் போகும்? இவளுக்கு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். மகளைப் பார்த்தார். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். 'இவளுக்குச் சரியாக இருக்கும்போது எனக்கு எப்படித் தப்பாகும்' என்று கேட்டால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. முகம் கன்னத்திலிருந்து காது வரை சிவந்தது. சிவந்த முகத்தோடு வினாத்தாளைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பேப்பர யாரு செட் பண்ணுனது? ஆன்சர் கீ தப்பா இருக்கும்."

"முதல் கேள்வியப் போட்டுக் காட்டட்டுமா சார்?"

"வேணாம். நான் ஓஎம்ஆர் தாள்ல ஒரு வரிசை தள்ளிப் போட்டுட்டேன். அதான்." எழுந்தார். "ஆஸ்பத்திரியில ஒரு எமர்ஜென்சி. ஃபோன் வந்துச்சு. நான் போறேன்."

"ஃபோன் சாமி ரூம்லல்ல இருக்கு?" என்றார் மனைவி.

அவர் காதில் விழவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மாள் மகளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்கங்க டீச்சர், கடையில வாங்குனதில்ல" என்றார்.

வாசல்வரை என்னோடு வந்த அந்தப் பெண்ணிடம், "எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"பிசிக்ஸ்ல மூணாவது கேள்வியிலயே தெரிஞ்சுருச்சு மிஸ். மொதல்ல மறைச்சேன். அப்புறம், எதுக்கு மறைக்கணும்னு விட்டுட்டேன்."

"பயமா இல்லையா?"

யோசித்தாள். "அப்பா எட்டிப் பாக்குறதப் பாத்ததும் பயம் போயிருச்சு மிஸ்."

அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மாள்தான் ஃபோனில் சொன்னார். சொல்லக் கூச்சப்பட்டார். "சார் வேற ஆள் பாத்திருக்காராம் டீச்சர். ஆன்லைன்ல. வடக்க எங்கயோ இருந்து எடுக்குறாங்களாம்" என்றார். சரி என்றேன். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வருத்தம் அந்தப் பெண்ணோடு கழித்த மாலைகளுக்காக. அந்த வீட்டுக்காக இல்லை. அவளோ சந்தேகம் வரும்போதெல்லாம் அம்மாவின் ஃபோனிலிருந்து கணக்கைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அவள் போட்ட சாய்தளமும் அம்புக்குறியும் சேர்ந்தே வரும். பெரும்பாலும் நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சரி என்று ஒரு வார்த்தை அனுப்புவேன்.

தேர்வு எழுதினாள். தென்கோடியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாதிரித் தேர்வு எழுத மட்டும் போன அந்தக் கோச்சிங் சென்டர் உடனே அவளைத் தன் மாணவியாக்கிக்கொண்டது. பைபாஸ் சாலையில் அவள் முகம் கொண்ட பேனர் வைத்தார்கள். அவள் இன்னும் கல்லூரியில் கால்வைக்கவில்லை. பேனரில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிவிட்டிருந்தார்கள். வேறு யாருடைய உடம்பிலோ அவள் தலையை ஒட்டியிருந்தார்கள். கழுத்து பொருந்தவில்லை.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. அந்த அம்மாள் கூப்பிட்டதால் போனேன். தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோரைப் பேச அழைத்தார்கள். டாக்டர் மைக்கைப் பிடித்தார். அதையும் கேடயம் போலத்தான் பிடித்தார்.

"என் மகளுக்குத் தன்னம்பிக்கை கொறையுதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு" என்று ஆரம்பித்தார். "ஒரு டாக்டரா, ஒரு அப்பாவா யோசிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை எல்லா வேலையும் ஒதுக்கி வச்சுட்டு அவகூட ஒக்காந்து மாடல் எக்ஸாம் எழுதுனேன். பிசிக்ஸ்ல வேணும்னே தப்புத் தப்பாப் போட்டேன். அப்பாவையே ஜெயிச்சுட்டோம்னு அன்னைக்கு அவளுக்கு ஒரு கான்ஃபிடன்ஸ் வந்துச்சு பாருங்க. அதுதான் இன்னைக்கு அவள இங்க கொண்டுவந்து ஒக்கார வச்சிருக்கு."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. எனக்கு முன்வரிசையில் ஒரு தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பக்கத்திலிருந்த அவர் கணவர், அடுத்த மகனுக்குத் தானும் அப்படி உட்காரப் போவதாகச் சொன்னார்.

பிறகு அந்தப் பெண்ணைப் பேசச் சொன்னார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் மைக் முன் வந்து, "அப்பா சொன்ன மாதிரி, அந்த டெஸ்ட்டுதான் எனக்கு டர்னிங் பாயிண்ட். அப்பாவுக்கு நன்றி" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"நான் பொய் சொல்லல மிஸ். டர்னிங் பாயிண்ட்டுதான."

"அவரு சொன்னது?"

"அவரு நெசமாவே அப்படித்தான் நம்புறாரு. வீட்டுலயும் இதையேதான் சொல்றாரு. மொதல்ல சும்மா சொல்றாருன்னு நெனச்சேன். இப்ப என் மூஞ்சியப் பாத்தே சொல்றாரு மிஸ். கண்ணு சிமிட்டக்கூட இல்ல." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அம்மாதான், விட்டுரு, இனிமே நீ ஆஸ்டல்லதான இருக்கப்போறன்னு சொன்னாங்க."

பொய் சொல்பவனை எனக்குப் பழக்கமுண்டு. அவனுக்குள் எங்கோ ஒரு மூலையில் உண்மை உட்கார்ந்திருக்கும், விரட்டினால் வெளியே வரும். இந்த மனிதர் அந்த மூலையையும் கூட்டித் துடைத்துவிட்டார். இவரிடம்தான் நாளை முழுக்க எலும்பு உடைந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கை கழுவும் இடத்தில் கோச்சிங் சென்டர்க்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் பேச்சு அவரை ஒரு உலுக்கு உலுக்கியிருந்தது.

"மிஸ், பிரமாதமான ஐடியா. வார வருசத்துல இருந்து பேரன்ட்ஸ் எல்லாரையும் பிள்ளைகளோட ஒக்கார வச்சு டெஸ்ட் எழுத வைக்கப் போறோம். அவங்க அம்மா சொன்னாங்க, அன்னைக்கு அந்த வீட்டுல நீங்கதான சூப்பர்விஷன்? பேரன்ட்ஸுக்குன்னு தனியா, கொஞ்சம் ஈசியா ஒரு கொஸ்டின் பேப்பர் எடுத்துத் தர முடியுமா?"

"தனிப் பேப்பர் தேவையில்ல சார்" என்றேன். "தனி ரூம் போட்டாப் போதும்."

நல்ல யோசனை என்று சொல்லி அதை ஃபோனில் குறித்துக்கொண்டார்.